சமையல்காரனுக்கு என் மீசை

காய்ச்சலில் கிடந்ததால், தையல் கடையில் காதர் நானா வாசித்த இந்த மாதத் தொடர்கதையைக் கேட்க முடியவில்லை. கதையில் திருடுபோன வைரமாலை என்ன ஆனது என்ற கவலைதான் காய்ச்சலை விடப் பெரிதாக இருந்தது. நானே வாசிக்கலாம் என்றால், எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும்.

இன்றைக்குக் கண்டி பஸ்ஸில் நானா ஒரு சுருளை நீட்டினார். துணி அளவு வெட்டும் தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும் படமாக வரைந்திருந்தார். துப்பறிகிறவரின் கோட்டில் ஒரு பொத்தான்கூட விடுபடவில்லை.

"திருடன் ஆரெண்டு இன்னும் வரல்ல. எனக்குச் சமையல்காரன் மேலதான் சந்தேகம்," என்றார்.

"அவனுக்கு ஏன் நானா என் மீசை?"

"நீங்க இல்லாம வாசிக்க ருசியில்ல. அதான் கதைக்குள்ளயே இழுத்துட்டேன்."

கண் கலங்கியதற்குப் பஸ் தூசியைக் காரணம் சொன்னேன்.

படத்தைத் தையல் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சத்தியமாக மாலை என்னிடம் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் கீழே பெயரோடு எழுதி வையுங்கள்.