வராத ஆர்டர்

மும்பை தாராவியில் தோல்பை செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம் கணக்கு பார்த்தேன். ஆட்களில் பெரும்பாலோர் முதலாளியின் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சம்பளத்தில் ஒரு பங்கை வாங்காமல் அவரிடமே விட்டுவைப்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். பாங்க்கைவிட அவரைத்தான் நம்பினார்கள். அவரும் ஒரு ரூபாய் குறைத்ததில்லை.

ஊரடங்கில் எல்லோரும் கடையை மூடியிருந்தபோது அவர் பாதி விலைக்குத் தோல் வாங்கிக் குவித்தார். நான் வேண்டாம் என்றேன். பிறகு கொள்ளை லாபம் வந்தது. அதுதான் வினை. அதற்கப்புறம் அவர் யாரிடமும் யோசனை கேட்டதில்லை.

போன வருடம் ஒரு வெளிநாட்டு வியாபாரி மாதிரிப் பைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லிப் போனார். காகிதம் எதுவும் வரவில்லை. முதலாளி அதற்குள் மான்குர்தில் ஷெட் பிடித்து, புது மெஷின்களுக்கும் சொல்லிவிட்டார். லோன் போதவில்லை. ஆட்களின் சேமிப்பை எடுக்கச் சொன்னார்.

"ஆர்டர் கைக்கு வரட்டுமே" என்றேன்.

"தோல் வாங்கும்போதும் இதத்தான சொன்னீரு? ஒம்ம பேச்சக் கேட்டிருந்தா நான் இன்னைக்கு எங்க வே இருந்திருப்பேன்?" என்று சிரித்தார்.

மனைவியின் நகைகளையும் அடகு வைத்திருந்தார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. ஏமாற்றுக்காரன் தன்னுடையதை ஒதுக்கி வைத்துக்கொள்வான். இவரோ மனதார நம்பினார்.

ஆட்களின் சேமிப்பை எடுக்கும் செக்கை நான்தான் எழுதினேன். மறுநாளே, மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று பொய் சொல்லி, நானும் அவரிடம் விட்டுவைத்திருந்த சேமிப்பை வாங்கிக்கொண்டேன். கேட்டவுடன் கொடுத்தார்.

அடுத்த வாரம், ஆண்டாப் ஹில்லிலிருந்து வரும் தையல்கார அம்மா என் மேஜையருகே வந்தாள்.

"சார், மவளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டணும். ரெண்டு மாசம் இருக்கு. பைசாவ இப்பமே வாங்கிரட்டா?"

சுற்றிலும் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் காது கொடுத்தார்கள். இவள் கேட்டால் எல்லோரும் கேட்பார்கள், கம்பெனி அன்றே படுத்துவிடும், என் வேலையும் போய்விடும்.

"பயப்படாதீங்கோ. அவர்ட்ட இருந்தா பாங்க்ல இருக்கற மாதிரி" என்றேன்.

அவள் நிம்மதியாகப் போய் உட்கார்ந்து தைத்தாள். மெஷின்கள் மறுபடி ஓடின.

ஆர்டர் வரவேயில்லை. பாங்க் ஷெட்டைப் பூட்டியது. "அடுத்த மாசம் பாரும்" என்று முதலாளி அப்போதும் சொன்னார்.

கம்பெனியின் கடைசி நாளன்று அந்த அம்மா வாசலில் எனக்காக நின்றிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒங்க பைசாவும் போச்சா சார்?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.