சொட்டு சிந்தாத முனிலட்சுமி

கொதிக்கிற பாலை இறக்கும்போதே முனிலட்சுமி தலையைத் தூக்கிப் பாலத்தின் அடிவயிற்றை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். அப்புறம்தான் டீ. ஓசூருக்கு வெளியே, கம்பெனி பஸ்கள் ஏறி இறங்கும் அந்தப் பாலத்தின் கீழேதான் அவர் கடை.

“மூணாவது உத்தரம் என்னுது” என்பார், வீட்டு மனை வாங்கியவர் போல. புதிதாக டீ குடிக்க வருகிற யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. பாலம் கட்டும்போது அவர் சித்தாள். உத்தரத்துக்குள் குழாய் பதித்து, அதில் இரும்பு வடங்களைக் கோத்து விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். வடம் துருப்பிடிக்காமலிருக்க, குழாயின் ஒரு முனையில் பம்ப் வைத்து சிமெண்ட் பாலை ஏற்றுவார்கள். பம்பில் நின்றவர் வெங்கட். மறுமுனைத் துவாரத்துக்குக் காவல் முனிலட்சுமி. பால் தலைகாட்டியதும் அடைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். வெங்கட் பம்பை நிறுத்துவார்.

“மத்தவளுங்க அரைச் சட்டி கீழ வுடுவாளுங்க. நானு ஒரு சொட்டு சிந்தனது கெடையாது. இவ கையில சிமெண்ட்டு மிச்சம்னு மேஸ்திரியே சொல்லுவாரு. என் கொரலுக்குத்தான் எங்க ஊட்டுக்காரரு மயங்குனாரு.”

இந்த இடத்தில் வெட்கப்படுவார். எத்தனை முறை கேட்டாலும் அந்த வெட்கம் குறைந்ததில்லை. மதியம் களி உருண்டையோடு ஒரே நிழலில் குந்தியது, தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கேலி பேசியது, சிமெண்ட் காய்ந்த கையோடு வெங்கட்டுடன் சினிமாவுக்கு ஓடியது என்று அவர் அடுக்கும்போது, தினமும் அங்கே டீ குடிக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

போன வாரம் பொறியாளர் காவியா ஆட்களோடு வந்து, உத்தரங்களைத் துளைத்துக் குழாய்க்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார்.

“என்னுத பாரு கண்ணு, கல்லாட்டம் இருக்கும்” என்று டீயை நீட்டினார் முனிலட்சுமி.

மூணாவது உத்தரத்தின் துளையிலிருந்து துருத் தண்ணீர் ஒழுகியது. உள்ளே பாதிக் குழாய் காலி. வடங்கள் இற்று, சில அறுந்தே போயிருந்தன.

“மொதல்ல வர்ற தண்ணிப் பாலை வெளிய ஓட விடணும்க்கா. கெட்டியா வந்தப்புறம்தான் அடைக்கணும். யாரோ அவசரப்பட்டுட்டாங்க” என்றார் காவியா.

“அவசரமில்ல கண்ணு. வீணாக்கக் கூடாதுன்னு...” முனிலட்சுமி தலையைத் தூக்கித் தன் உத்தரத்தைப் பார்த்தார்.

போக்குவரத்தை நிறுத்த அனுமதி கேட்டு காவியா போனில் யார் யாரையோ பிடித்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் பஸ்கள் வரும் நேரம். முனிலட்சுமி அடுப்பை அணைத்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டு, பெஞ்சைத் தரதரவென்று இழுத்துப் போய்ப் பாலம் ஏறும் வழியில் குறுக்கே போட்டார். ஹாரன் அடித்துக்கொண்டு வந்த முதல் பஸ்ஸைப் பார்த்தபடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.