ஞாயிற்றுக்கிழமைக் கப்பல்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மருமகளின் அறையிலிருந்து என் மகனின் குரல் கேட்கும். அவன் இருப்பது சிங்கப்பூரில். கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. குடும்பத்தை அழைத்துக்கொள்கிற பாஸ் அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதனால் மருமகள் காரைக்குடியில் என்னோடு இருந்தாள். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் கம்பெனி வேலை பார்ப்பாள். ஞாயிறு மதியம் மேசையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரைப் போடுவாள். அவன் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள்.

"பின்னாடி பாருடி, உங்கண்ணன் வர்றான்."

"எங்கண்ணன எதுக்கு இழுக்குறீக? அது மூஞ்சியப் பாத்தா உங்க பெரியப்பா மகன் சாடைல இருக்கு."

"பேசிக்கிட்டே நிக்காத, ஓடு. கதவ அடை. உன்னையக் கட்டுனதுக்கு இந்தப் பேய்கிட்டயே மாட்டியிருக்கலாம்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நில்லுங்க, அதுக்கிட்டயே விட்டுட்டுப் போறேன்."

நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். குரல் கேட்டதும் குழாயை மூடிவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் சொல்வது பாதி போய்விடும்.

என்னிடமும் அவன் பேசாமல் இல்லை. சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு. எல்லாவற்றுக்கும் நான் நல்லது சொல்வேன். நீ சாப்பிட்டியா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பான். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியாது, அவனுக்கும் சொல்லத் தோன்றாது. சரிம்மா வைக்கிறேன் என்பான். நான் ஐந்தாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்திலும் வாய் திறக்க மாட்டேன். புருஷனோடு வாழ்ந்த காலத்திலும் அவர் கேட்டால்தான் பேச்சு. என் மகன் சின்னதில் எனக்கும் சேர்த்து அவனே பேசுவான். சட்டினியில் உப்பில்லை என்று சண்டைக்கு வருவான், அந்தச் சண்டையிலேயே பள்ளிக்கூடத்துக் கதை முழுவதும் வந்துவிடும். அந்தப் பேச்சுத்தான் இப்போது பக்கத்து அறையில் கேட்கிறது. என்னோடும் ஒரு தரம் அப்படிப் பேசமாட்டானா என்று இருக்கும். இதை யாரிடம் போய்க் கேட்பது?

காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அந்த அறைக்குள் போவேன். கட்டிலில் உட்கார்ந்து மெதுவாக மடிப்பேன். ஒரு நாள் மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, அந்தத் துண்ட மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிக்கிறீக. பேசாம நாற்காலிய இழுத்துப் போட்டு இங்குட்டு உக்காருங்க."

அன்றைக்குத்தான் அது என்ன விளையாட்டு என்று முழுதாகப் பார்த்தேன். பூமியை விட்டு எவ்வளவோ தூரத்தில் ஒரு ஆகாயக் கப்பல். ஊர் மாதிரி பெரியது. அதில் போன சனங்கள் பெட்டிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். என்ன நோயோ வந்து, பாதிப்பேர் செத்துவிட்டார்கள், சிலர் மனுச உருவம் மாறி கைகால் நீண்டு பேயாக அலைகிறார்கள். மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஆரம்பிக்கும்போதே யாருக்கு என்ன வேலை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மகனுடைய ஆள் மெக்கானிக். மருமகளுடையது ஒரு டாக்டரம்மா. ஒவ்வொரு கண்டத்தையும் தாண்டத் தாண்ட அவர்களுக்குப் புதுப்புது வித்தை கைவரும். கப்பலின் மறுகோடியில் ஒரு சின்ன ஓடம் இருக்கிறது, அதில் ஏறினால் தப்பிக்கலாம். அதுவரைக்கும் ஆக்ஸிஜன் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் கடிகாரம் மாதிரி ஒரு நீலக் கோடு, மூச்சு விட விட அது குறைந்துகொண்டே வரும்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மெக்கானிக் ஆள் மூச்சு வாங்குவதும் என் மகன் பேசுவதும் ஒன்றாகக் கேட்கும்போது, அவனே அந்தக் கப்பலில் நடப்பதுபோல இருக்கும். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

மகன் கடைசியாக லீவில் வந்துபோன பிறகு மருமகள் உண்டாகியிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தேவகோட்டையிலிருந்து அவள் அம்மா அழைத்துக்கொண்டு போக வந்தார்கள். போகிற வாரத்தில் அவள் கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரை என் மடியில் வைத்தாள்.

"லேப்டாப்ப மட்டும் எடுத்துட்டுப் போறேன், அத்தை. இது இங்கயே இருக்கட்டும். நீங்க ஆடுங்க."

"எனக்கென்ன தாயி தெரியும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல கெடக்கு."

"எழுத்த விடுங்க. பச்சை விளக்கு எரிஞ்சா தொறக்கும். செவப்பு எரிஞ்சா தொறக்காது. இந்தக் கட்டை நடக்குறதுக்கு, இது தலையத் திருப்புறதுக்கு. அம்புட்டுத்தான். உங்க மகன்கிட்டச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு."

அவள் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை அவள் காட்டியபடி போட்டு, காதில் மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் வந்தான். சாப்பிட்டியாம்மா என்றான். சாப்பிட்டேன் என்றேன். மாத்திரை போட்டியா என்றான். போட்டேன் என்றேன். பிறகு அவர்கள் விட்ட இடத்திலிருந்து நடந்தோம், நான் மருமகளின் டாக்டரம்மாவாக. அவன் முன்னால் போவான், நான் பின்னால். ஒவ்வொரு இடத்திலும், "நீ இங்கயே நில்லும்மா, நான் பாத்துக்கிறேன்" என்பான். தனியாகப் போய்ப் பேயை அடித்துவிட்டு வருவான். "வாம்மா, போகலாம்" என்பான். கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி கூட்டிப்போனான். என்னைத் திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. பேய் வந்தபோதுகூட யாருடைய அண்ணன் என்றும் சொல்லவில்லை. முடிந்ததும் சரிம்மா வைக்கிறேன் என்றான். போனில் பேசுவதைக் கம்ப்யூட்டரில் பேசியது போலத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே.

அதற்கடுத்த வாரம் அந்தத் தப்பு நடந்தது.

கப்பலின் நடுவில் கரண்ட் இல்லாமல் இருட்டாகக் கிடந்தது. அதைச் சரிசெய்ய மெக்கானிக் ஆள் கீழே இறங்க வேண்டும். "எதையும் தொடாம நில்லும்மா" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் எரிந்தது. பார்த்தால் எனக்கு முன்னால் நீள நடை. அதன் குறுக்கே கதவுக்குப் பின்னால் கதவாக நேர் வரிசையில். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சியின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு நெடுங்காலம் இருந்தது. அவர்கள் சென்னையில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பூட்டைத் திறந்தவுடன் முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரைக்கும் எல்லாக் கதவையும் திறந்துபோட வேண்டும். தெருவாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். அதற்குப் பிறகுதான் விளக்குமாற்றையே தொடலாம். ஒரு கதவு அடைத்துக் கிடந்தாலும் வௌவால் நாற்றம் வீட்டை விட்டுப் போகாது.

என் கை சும்மா நிற்கவில்லை. முதல் கதவைத் திறந்தேன். அடுத்ததைத் திறந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய்க் கடைசிக் கதவும் திறந்ததும் கண்ணாடி வழியாக நட்சத்திரங்கள் தெரிந்தன. இந்த முனைக்குத் திரும்பி வந்து பார்த்தேன். நேராக, தடையில்லாமல் அந்தக் கோடி வரை தெரிந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது. அப்போதுதான் அந்தக் கதவுகளுக்கு இடையே இரண்டு பக்கமும் இருந்த இருட்டு அறைகளிலிருந்து ஏதோ ஊர்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, மேல என்ன சத்தம்? கதவு எதையும் தொறந்தியா?"

"தொறந்தேன்ப்பா."

"எந்தக் கதவ?"

"எல்லாத்தையும்."



"எல்லாத்தையுமா? எதுக்கும்மா?"

"அடைஞ்சு கெடந்துச்சு."

"அடைஞ்சு கெடந்துச்சா? நானும் உன் மருமகளும் உசுரக் குடுத்து ஒவ்வொண்ணையா உள்ள தள்ளி அடைச்சு வச்சிருந்தோம். நீ அதுகளுக்குக் காத்தாட விட்டியா?"

"எனக்கென்ன தெரியும். சொல்லிட்டுல போகணும்."

"தொடாதன்னு சொன்னேன்ல. என்ன பொம்பள நீ. ஐயோ, மேல வந்து பாத்தா மச்சான் கும்பலோட வர்றான். ஓடு கெழவி, ஓடு. லெப்டுல ஓடு. அது சோத்துக்கை. லெப்டுன்னா பீச்சாங்கைப் பக்கம்."

"கத்தாதடா, ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு ஓட்டமா? தேர் இழுக்குற மாதிரில போற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை பேய் பின்னால் வருகிறது, நான் சிரித்துக்கொண்டே ஓடுகிறேன். அவன் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைசியில் அவனும் சிரித்துவிட்டான். சிரித்ததில் கை தவறி, ஒரு பேய் அவன் ஆளை அடித்துப் போட்டது. அவன் ஆள் தரையில் விழுந்து கிடந்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்த ஒரு கதவை அடைத்தேன். பேய்கள் வெளியே நின்று முட்டின.

"அம்மா, கிட்ட வந்து அந்த நீலப் பட்டன அமுக்கிப் பிடி. விட்றாத. விட்டா நான் செத்துருவேன்."

அமுக்கினேன். டாக்டரம்மா மண்டி போட்டு அவன் நெஞ்சில் கை வைத்தாள். காயம் ஆற நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவன் வேறு மாதிரி குரலில் சொன்னான்.

"இப்படித்தாம்மா அன்னைக்கும் கெடந்தேன்."

"என்னைக்கு?"

"தீபாவளிக்கு முந்தி. வேலைல ஏணி சறுக்கிருச்சு. கால்ல தகடு வச்சிருக்காங்க. டபுள் ஷிப்டு, பேச நேரமில்லன்னு சொன்னேன்ல, அப்ப."

பட்டனை இன்னும் இறுக்கி அமுக்கினேன். பிறகு கேட்டேன், "யாருப்பா பாத்துக்கிட்டா?"

"ரூம்ல புதுக்கோட்டைக்காரர் ஒருத்தர். கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனதெல்லாம் அவருதான். இப்ப நல்லா நடக்குறேன். மழை பேஞ்சா மட்டும் குத்தும். அவகிட்டச் சொல்லிறாத, பிள்ள பெறட்டும்."

"சொல்லல."

"அம்மா, நான் எந்திரிச்சுட்டேன். பட்டன விடு."

அப்போதும் நான் அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. என்னை இனி நிறுத்திவைத்துவிட்டுப் போவதில்லை. விட்டால் எதைத் திறப்பேனோ என்ற பயம் அவனுக்கு. கூடவே கூட்டிக்கொண்டு போவான், கூடவே திட்டுவான். திட்டுக்கு நடுவில் எல்லாம் வரும். புதுக்கோட்டைக்காரர் மீன்குழம்பில் புளியைக் கொட்டிவிட்டார். சூப்பர்வைசர் தமிழன்தான், ஆனால் தமிழ் பேச மாட்டான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர்தான் தெரியும், கையை நீட்டினால் தொடலாம். இவ்வளவு நாள் இவன் எந்த அறையில் தூங்குகிறான் என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து மருமகள் போன் போட்டாள்.

"அத்தை, கலக்குறீகளாமே. இன்னும் ஓடத்துக்குப் போற வழி மட்டுந்தான் பாக்கி. அதோட கேம் முடிஞ்சது."

முடிந்துவிடும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் நான் மெதுவாக நடந்தேன். தரையில் கிடக்கிற டப்பா எல்லாவற்றையும் குனிந்து எடுத்துப் பார்த்தேன்.

"என்னம்மா, சந்தைல கத்திரிக்கா பொறுக்குற மாதிரி பொறுக்குற. வா வேகமா."

"வாரேன். நீ அந்த மீன்குழம்புக்காரர் கதையச் சொல்லு."

"அதான் அப்பவே சொல்லிட்டேனே."

என்ன செய்தும் ஓடம் வந்துவிட்டது. பேய்களைத் தாண்டி உள்ளே போய்க் கதவை அடைத்துவிட்டோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. அவன் ஆள் உட்கார்ந்தான், என் டாக்டரம்மா உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால் ஓடம் கிளம்பும். அவன் அமுக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"அமுக்கும்மா."

"இது கெளம்புனா என்னாகும்?"

"தப்பிச்சுருவோம். கேம் முடிஞ்சுரும்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா முடிஞ்சதுதான். அமுக்கு."

நான் அமுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையில் இரண்டு பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் ஆள் கையிலிருந்த நீலக் கோடு குட்டையாகிக்கொண்டே வந்தது.

"அம்மா, எனக்கு ஆக்ஸிஜன் தீருது. லைன் கட்டாயிருச்சா? இருக்கியா?"

"இருக்கேன்."

அவன் ஆள் இரும ஆரம்பித்தான். விளையாட்டுத்தான் என்று தெரியும். செத்தால் திரும்ப முந்தின அறையிலிருந்து ஆரம்பிக்கும், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் அவன் மூச்சுக்குத் திணறுகிறதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அமுக்கிவிட்டேன்.

ஓடம் உதறிக்கொண்டு வெளியே வந்தது. கப்பல் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு திரை கறுப்பாகி, விளையாட்டைச் செய்தவர்களின் பெயரோ என்னவோ, இங்கிலீஷில் வரிசையாக மேலே ஏற ஆரம்பித்தது.

"சூப்பர்ம்மா. முடிச்சுட்டோம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சரிம்மா, வைக்கட்டுமா?" என்றான்.

என் ஆயுசில் நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. "வைக்காதப்பா. பேசு" என்றேன்.

"என்னத்தம்மா பேசுறது?"

அது எனக்கும் தெரியவில்லை. அவன் அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ தட்டு வைக்கிற சத்தமும் கேட்டது. பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அவன் வைக்கவில்லை. அங்கே அவனும் இங்கே நானும் ஒன்றும் பேசாமல், கடைசிப் பெயர் மேலே போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.