முதல் லாரி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் போருக்கென்று ஒரு திட்டம் இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்தப் போரைப் பற்றிப் பிற்காலத்தில் நான் தேடிப் படித்த தடித்த புத்தகங்களில், மலாயாவின் கெடா மாநிலத்தில் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் எல்லாம் குலைந்து போனதாகவே எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. முன்னேற்பாடு இருந்தது. ஒத்திகைகூட நடந்தது. என் அக்காவை லாரியில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்.

1941ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு, மாவட்ட அலுவலகத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பொறுப்பாளர்களை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, போனார். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி அவர்தான். கணக்கு, சம்பளம், ஆள் சேர்ப்பது, ஆள் நீக்குவது எல்லாம் அவர் கையில். திரும்பி வந்தபோது சட்டைக் கையில் ஒரு பட்டையும் கழுத்தில் ஊதலும் இருந்தன. மறுநாள் பெரட்டில் திட்டத்தை விளக்கிச் சொன்னார்.

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கூடும் இடம். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த திடலில் ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடித்ததும் எல்லாரும் வந்து கங்காணி வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் நகரலாம். அந்த நேரத்தில் வரிசையில் இல்லாதவருக்கு அன்று ‘பேர்’ கிடையாது. பேர் இல்லையென்றால் நாள் முழுக்கப் பால் வெட்டினாலும் கூலி இல்லை. இப்படி மூன்று தலைமுறையாக நின்று பழகிய ஜனங்கள் நாங்கள். கோயிலுக்குப் பிந்திப் போவோம், சாவு வீட்டுக்குப் பிந்திப் போவோம், பெரட்டுக்குப் பிந்த மாட்டோம்.

திட்டத்தை உருவாக்கியவர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். ஆபத்து வந்தால் தண்டவாளத்தை விடாமல் அடிப்பார்கள். எல்லாரும் ஒரு மூட்டையோடு பெரட்டுத் திடலுக்கு வர வேண்டும். தோட்டத்து லாரிகள் வரும். பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் முதல் லாரியில் பட்டணத்துக்குப் போவார்கள், மற்ற பெண்களும் பிள்ளைகளும் அடுத்ததில். ஆண்கள் நடந்து போக வேண்டும். சாலையை யாரும் அடைக்கக் கூடாது. பெயர் கூப்பிடாமல் யாரும் திடலை விட்டு நகரக் கூடாது.

அக்கா அப்போது ஏழு மாதம். அவளுடைய முதல் பிரசவம் எங்கள் லயத்து வரிசை வீட்டிலேயே நடந்தது. குழந்தை குறுக்கே கிடந்து, வெளியே வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. “அடுத்ததை இங்கே வைத்துக்கொள்ளாதே, டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடு” என்று தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தத் திட்டத்தை மற்றவர்கள் எப்படிக் கேட்டார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் அதை அக்காவின் குழந்தைக்காகவே போட்ட திட்டம் போலக் கேட்டோம்.

ஒத்திகை தீபாவளி கழிந்து நடந்தது. தண்டவாளம் அடித்தது, எல்லாரும் வந்து நின்றோம், லாரி வந்தது. கிராணி அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏற்றினார். மற்ற பிள்ளைத்தாய்ச்சிகள் பின்னால் ஏறினார்கள். லாரி தோட்டத்து வாசல்வரை போய்த் திரும்பியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ஏண்டி, மாசமா இருந்தாத்தான் லாரி சவாரியா?” என்று பக்கத்து வீட்டு அக்கா வரிசையிலிருந்து கத்தினாள். “முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ஆயிருப்பேனே!”

“வீட்டுக்கு வா, பேசிக்கலாம்” என்றது ஆண்கள் வரிசையிலிருந்து அவள் புருஷனின் குரல்.

திடலே அதிர்ந்தது. கிராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு ஊதலை ஊதினார். “சிரிக்காதீங்க லா. நெசமா வந்தா இப்படிச் சிரிப்பீங்களா?”

கார்த்திகையில் வடக்கே எல்லையில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்ற செய்தி வந்தது. பிறகு தெற்கே பினாங்குப் பக்கமிருந்து கதவை முட்டுவது போன்ற சத்தம் வந்தது. குண்டு என்றார்கள். அக்காவுக்கு நாள் நெருங்கியிருந்தது. மாமா, அதாவது அக்கா புருஷன், கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்தில் இருந்த ஒரு மலாய்க்காரரிடம் மாட்டுவண்டிக்குப் பேசி வைத்தார். மறுநாள் விடிந்ததும் அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிடுவது என்று முடிவு. இதை முறைப்படி கிராணியிடம் சொல்லப் போனார். துணைக்கு நானும் போனேன்.

“மாட்டுவண்டியெல்லாம் வேணாம் தம்பி” என்றார் கிராணி. “நீ ஒரு வண்டிய எடுத்தா, நாளைக்கு அம்பது பேரு எடுப்பான். ரோடு அடைச்சுக்கும். அப்புறம் ரொம்ப சுசா, எல்லாருக்கும் கஷ்டம்.”

“அவளுக்கு நாள் கிட்ட வந்துருச்சுங்கய்யா. மொதப் புள்ள போன மாதிரி…”

“அதுக்குத்தானே லாரி! மொத லாரி, முன் சீட்டு. அவ அம்மா கையிலதான் என் புள்ளைங்க ரெண்டும் பொறந்துச்சு. நான் மறந்துருவேனா? போ, போய் வண்டிக்காரன வேணாம்னு சொல்லு.”

அவர் சொன்னது உண்மை. அம்மா இருந்தவரை கிராணி வீட்டுப் பிரசவங்களை அம்மாதான் பார்த்தாள். மாமாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலமே கம்பத்துக்கு நடந்து போய் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் விடிவதற்குள் தண்டவாளம் விடாமல் அடித்தது. தேதியை நான் பலமுறை சரிபார்க்க முயன்றிருக்கிறேன். பினாங்கில் குண்டு விழுந்ததற்குப் பின்பு, மார்கழி பிறப்பதற்கு முன்பு. அதற்கு மேல் உறுதியாக எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

எல்லாரும் வந்தார்கள். ஒத்திகையில் நின்றதுபோலவே நின்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் முன்வரிசையில். அக்காவின் மூட்டையில் பழஞ்சேலைத் துணிகளும் சின்னப் போத்தலில் விளக்கெண்ணெயும் இருந்தன. கிராணி பட்டையும் ஊதலுமாக வந்து வரிசையைப் பார்த்துத் தலையாட்டினார். “பிளேன் சத்தம் கேட்டா குந்திக்குங்க. யாரும் ரோட்டுப் பக்கம் போகக் கூடாது. நான் போயி லாரிய கூட்டிக்கிட்டு வர்றேன். பேர் கூப்புடுற வரைக்கும் யாரும் அசையாதீங்க.” அக்காவைத் தாண்டிப் போகும்போது அவள் பக்கம் பார்க்காமல் போனார். அவசரத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் பங்களா மேட்டில் லாரிகள் உறுமும் சத்தம் கேட்டது. திடலில் ஒரு நிம்மதிப் பேச்சு எழுந்தது. சில பெண்கள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஸ்டோர் மறைப்பதால் திடலிலிருந்து சாலை தெரியாது. சத்தம் மேட்டிலிருந்து இறங்கியது, ஸ்டோருக்கு அந்தப் பக்கமாக வந்தது, அப்படியே வாசலைத் தாண்டிப் போனது.

“திருப்பிக்கிட்டு வரும்” என்றார் ஒரு கங்காணி.

யாரும் நகரவில்லை. வெயில் ஏறியது. அக்கா என் தோளைப் பிடித்தாள். பிடியின் அழுத்தம் கூடிக் குறைந்து மறுபடியும் கூடியது. வலி கண்டுவிட்டது என்று அவள் சொல்லாமலே தெரிந்தது.

மாமா வரிசையை உடைத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால் ஒரு கங்காணி, “டேய், பேர் போயிரும்டா!” என்று கத்தினார். இன்றைக்கும் என்னால் அந்த வார்த்தையைக் கோபத்தோடு நினைக்க முடியவில்லை. அவர் நல்லெண்ணத்தில்தான் கத்தினார். மாமா வண்டிக்காரரைத் தேடிக் கம்பத்துக்கு ஓடினார். அப்போதுதான் புல்வெட்டப் போயிருந்த பக்கத்து வீட்டு அக்காவின் மாமியார் சாலைப் பக்கமிருந்து வந்து சேர்ந்தாள். காது கேளாத கிழவி. தண்டவாளம் அடித்தது அவளுக்குத் தெரியாது. திடலில் இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

“என்னடி எல்லாரும் இங்க நிக்குறீங்க? தொரை வீட்டு சாமானெல்லாம் ரெண்டு லாரியில போவுது. நாற்காலி, கட்டிலு, ரெண்டு நாயி. கிராணியும் போறாரு.”

அக்கா வலியை அடக்கிக்கொண்டு கேட்டாள். கிழவிக்குக் கேட்பதற்காகக் கத்த வேண்டியிருந்தது. “முன் சீட்டுல யாரு?”

“கிராணி பொஞ்சாதி. தையல் மிஷின மடியில வச்சுக்கிட்டு.”

இதைத் திடல் முழுக்கக் கேட்டது. கேட்டும் பாதிப்பேர் நின்றார்கள். உச்சி வெயில் வரை சிலர் நின்றதாகப் பிறகு தெரிந்தது. பெயர் கூப்பிடவில்லை, எப்படிப் போவது?

மலாய்க்காரர் வண்டியோடு வந்தார். “நைக், நைக்”, ஏறுங்கள் ஏறுங்கள் என்று பின்பலகையை இறக்கினார். முந்தின நாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவை ஏற்றினோம். தோட்டத்துச் சாலை காலியாகக் கிடந்தது. அப்படி ஒரு காலியான சாலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாலிங் ரோட்டில் ஏறியதும் பின்வாங்கும் பிரிட்டிஷ் பட்டாளத்து லாரிகள் எதிரும் புதிருமாக நெரிந்துகொண்டிருந்தன. மாடுகள் மிரண்டன. ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் காட்டி வண்டியை ஓரத்துக்கு இறக்கச் சொன்னான். பட்டணத்துக்குப் போக வழியில்லை. மலாய்க்காரர் வண்டியைத் திருப்பித் தன் வீட்டுக்கே கொண்டுபோனார்.

கம்பத்து மருத்துவச்சி தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். அக்கா பிழைத்தாள். பெண் குழந்தை. அழவில்லை. மலாய்க்காரரும் மாமாவும் தென்னைகளுக்கு அப்பால் ஒரு சிறிய குழி வெட்டினார்கள்.

ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். தை பிறந்த பிறகு கிராணியும் திரும்பி வந்தார். பேராக் ஆற்றைத் தாண்ட முடியவில்லையாம். துரை தாண்டிப் போய்விட்டாராம். தையல் மிஷின் வரவில்லை. புதிய அதிகாரிகளுக்கும் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சட்டைக் கையில் வேறொரு பட்டை ஏறியது. ஊதல் பழையதுதான்.

ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்று மாமாவிடம் பேசினார். “எனக்கே கடைசியிலதான் தெரியும் தம்பி. தொரை சொன்னாரு, மணிய அடி, ஆளுங்கள பெரட்டுல நிறுத்து, ரோடு காலியா இருக்கணும்னு. நான் என்ன செய்ய?”

அக்கா உள்ளே அரிசியோடு மரவள்ளிக்கிழங்கைக் கலந்து வேகவைத்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

கிராணியின் அந்த வாக்கியத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். திட்டம் தோற்றுவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கிராணி சொன்ன பிறகுதான் புரிந்தது, அது ஒரு குறையும் இல்லாமல் நடந்திருக்கிறது. நாங்கள் திடலில் நின்றோம். சாலை காலியாக இருந்தது. அதற்காகத்தான் எங்களுக்கு ஒத்திகை கொடுத்தார்களா, அல்லது ஒத்திகையின்போது உண்மையாகவே லாரியில் ஏற்றும் எண்ணம் இருந்து பிறகு மாறியதா என்று எனக்குத் தெரியாது. அக்காவை முன் சீட்டில் ஏற்றிய அன்று கிராணி சிரித்தது பொய்ச் சிரிப்பு இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அது ஆறுதலாக இல்லை.

1943இல், பால்மரங்கள் இலை உதிர்ந்து மறுபடி துளிர்விட்டிருந்த சமயம், சயாமில் ரயில் பாதை (பிற்காலத்துப் புத்தகங்கள் மரண ரயில் என்று சொல்லும் பாதை) போடும் வேலைக்கு ஆள் எடுப்பதாகப் பேச்சு வந்தது. மூன்று மாத வேலை, சாப்பாடு, அரிசி, வீட்டுக்குச் சம்பளம் என்றார்கள். மாவட்டத்தில் மறுபடியும் கூட்டம் நடந்தது. மறுபடியும் கிராணி போய்வந்தார். அன்று சாயங்காலம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்: “நாளைக்கு மணி அடிக்கும். ஆம்பளைங்க ஒரு மூட்டையோட வந்துருங்க. லாரி வரும்.”

அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் அக்கா மாமாவின் சட்டையை எடுத்து மடித்தாள். கோத்தா கோலா மூடாவில் மீன் காயவைக்கும் கொட்டகையில் அவளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தது. “கெளம்புங்க” என்றாள்.

“எல்லாரும் போறாங்களே” என்றார் மாமா.

“அதான்.”

காலையில் தண்டவாளம் அடித்தது. அக்கா திடலுக்குப் போனாள். நானும் போனேன். ஆண்கள் மூட்டையோடு கங்காணி வாரியாக நின்றார்கள். ஒருவரும் பிந்தவில்லை. அந்த முறை லாரிகள் சொன்ன நேரத்துக்கு வந்து திடலின் நடுவிலேயே நின்றன. சிப்பாய்கள் பின்பலகைகளை இறக்கினார்கள். கிராணி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பெயர் கேட்டவர்கள் “ஐயா” என்று சொல்லிவிட்டு ஏறினார்கள்.

மாமாவின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். ஒரு சிப்பாய் திரும்பிப் பார்த்தான்.

பிள்ளைத்தாய்ச்சிகள் நிற்கும் முன்வரிசை இடத்தில் அக்கா தனியாக நின்றிருந்தாள். “அவரு மொத லாரியிலேயே போயிட்டாரு, கிராணியாரே” என்றாள்.

அந்தத் திடலிலிருந்து லாரியில் அதுவரை யாரும் எங்கும் போயிருக்கவில்லை. அது கிராணிக்குத் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். லாரியைக் கூட்டிவரப் போன அன்று அவளைத் தாண்டிப் போகும்போது பார்க்காமல் விட்ட பார்வையைத்தான் இப்போது பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. சிப்பாயிடம் சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். அதை இரக்கம் என்று அக்கா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நானும் எழுதப் போவதில்லை.

பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன், ஒத்திகையன்று திடலையே சிரிக்கவைத்தவர், “ஐயா” என்று குரல் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.