அடியிலிருந்து ஏறிய வெளிச்சம்

என் மச்சானை நான் கன்னத்தில் அறைந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். நிலாவெளி றோட்டில் இறக்கக்கண்டிக்குப் போகும் வழியில், அவன் பிறந்து வளர்ந்த கரையில், அவனுடைய சொந்தக்காரர் இருபது பேர் கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். சத்தம் கேட்டு எல்லாருடைய கையும் நின்றது. அவன் கன்னத்தைத் தடவவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் என் மனைவியின் தமையன். என் வயதுதான். பன்னிரண்டு வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து கூரைகளில் சோலார் பனல் பூட்டி வந்தோம். அதற்கு முன்பும் நான் அவனை அடித்ததுண்டு, அவனும் திருப்பி அடித்ததுண்டு. ஒருமுறை லிங்கநகரில் ஒரு வீட்டுக் கூரையிலேயே கட்டிப் புரண்டு நாலைந்து ஓடுகளை உடைத்து, அந்த வீட்டு அம்மாவிடம் இரண்டு பேரும் வயிறு நிறைய ஏச்சு வாங்கினோம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை ஒரு பெருமை போலவே நினைத்துத் திரிந்தவன் நான். ஆனால் ஊர்ச்சனத்துக்கு முன்னால், அதுவும் அவன் ஊரில் வைத்து, அன்றைக்குத்தான் முதல் தடவை கை நீட்டினேன்.

சண்டை வலையால் வந்தது. அந்தக் கரையில் மீனவர் சங்கத்துக்கு ஒரு ஐஸ் அறை இருந்தது. அதற்கு மின்சாரம் எடுக்க, லொறிகள் வந்து நிற்கும் முற்றத்தின் மேல் இரும்புத் தூண் நட்டு, பந்தல் போல சோலார் பனல்களைப் பரப்பியிருந்தோம். சாதாரண பனல் அல்ல, இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ளது. மேலே விழும் வெயிலில் ஒரு பங்கு எடுக்கும், நிலத்தில் பட்டுத் திரும்பி ஏறும் வெளிச்சத்தில் இன்னொரு பங்கு எடுக்கும். அதற்காகவே முற்றம் முழுக்க வெள்ளை மணலும் சிப்பித் தூளும் கொட்டி மட்டம் தட்டியிருந்தோம். மத்தியானத்தில் அதைப் பார்த்தால் கண் கூசும். வேலை முடிந்த அன்று நான் சங்கத்துக்காரரைக் கூட்டிவைத்து, வெயிலை இரண்டு தரம் பிடிக்கிற பந்தல் இது என்று பெரிய பிரசங்கமே செய்தேன்.

நல்ல நிழல் கிடைத்தால் சனம் சும்மா விடுமா? ஒரு மாதத்துக்குள் கரைவலைகள் எல்லாம் பந்தலுக்குள் வந்துவிட்டன. கரும்பச்சை வலையை முற்றம் முழுக்க விரித்து, அதன் மேல் இருந்து பொத்தத் தொடங்கினார்கள். வெள்ளை நிலம் மறைந்தது, கீழேயிருந்து ஏறுகிற வெளிச்சமும் போனது. போதாததற்கு, பனல் வரிசை ஒன்றிலிருந்து இறங்கும் இரண்டு வயர்களும் இணையும் இடத்தில் உருகி ஒட்டிக்கொண்டன. ஐஸ் கட்டவில்லை. இரண்டு நாள் மீனைக் குழி தோண்டிப் புதைத்திருந்தார்கள். நாங்கள் லொறியால் இறங்கும்போதே அந்த நாற்றம் மூக்கில் அடித்தது. சங்கத் தலைவர் எல்லாருக்கும் முன்னால் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் மச்சானிடம் திரும்பி, உன் சனத்திடம் வலையை எடுக்கச் சொல்லு என்று கத்தினேன்.

"நிழலைச் சும்மா விடச் சொன்னா விடுவினமே மச்சான்? அவையள் பின்ன எங்க இருந்து பொத்துறது, உன்ர தலையிலயோ?" என்றான். இருபது பேரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அப்போதுதான் அறைந்தேன்.

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வலைகளை இழுத்து வெளியே எறிந்தேன். ஒரு கிழவர் இருக்க இருக்கவே அவர் மடியில் கிடந்த வலையை உருவினேன். எல்லாரையும் றோட்டுக்குப் போகச் சொல்லிக் கலைத்தேன். போகும்போது ஒருவன், "இவன்ர கையை முறிக்கவேணும்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போனான். முற்றம் மறுபடி வெள்ளையாகக் கிடந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்சை நிறுத்தினாலும் பனல் சாகாது. வெயில் படும் வரைக்கும் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு வரிசையில் கை வைக்க முன்பு, அதன் மேல் தடித்த தறப்பாள் விரிப்பை இரண்டாக மடித்துப் போர்த்துவோம். போர்த்தினால் செத்துவிடும். வீட்டுக் கூரைகளில் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் செய்தோம், ஒரு நாளும் பிழை வரவில்லை. வீட்டுக் கூரையில் பனலின் அடிப்பக்கம் ஓட்டோடு கிடக்கும், அங்கே வெளிச்சம் கிடையாது. இந்தப் பந்தலில் அடிப்பக்கமும் வேலை செய்யும் என்று ஊருக்கே பிரசங்கம் செய்தவன் நான். அதே வாயால் மச்சானிடம், "தறப்பாளைப் போர்த்துப்போட்டு வெட்டு" என்றேன்.

அவன் போர்த்தினான். நாலு மூலையையும் இழுத்துக் கட்டினான். பிறகு ஏணியில் ஏறி, உருகிய வயர்களுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். வெட்டுக்குறடு அவன் கையில் இருந்தது. குனிந்து நிலத்தைப் பார்த்தான்.

"மச்சான், அடியில வெளிச்சம் ஏறுதே. இது செத்திருக்குமோ? மீற்றரை வைச்சுப் பாப்பமே?"

மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கிற மீற்றர் லொறியில் கிடந்தது. இருபது அடி நடந்தால் எடுத்து வந்திருக்கலாம். எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இவன் மறுபடியும் எனக்குப் புத்தி சொல்ல வெளிக்கிட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குப் படிப்பிக்க வராத. வாயைப் பொத்திக்கொண்டு வெட்டடா!"

அவன் வெட்டினான். ஒட்டிக் கிடந்த இரண்டு வயரையும் குறடு ஒன்றாகக் கடித்தது. வெள்ளை நெருப்பு ஒன்று அவன் கைக்குள் பற்றியது. வெடிச்சத்தம் இல்லை, இரும்பை ஒட்டும்போது வருகிற அந்த இரைச்சல்தான். இந்த மின்சாரம் ஆளை உதறாது, இறுக்கிப் பிடிக்கும். அவனால் கையைத் திறக்க முடியவில்லை. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. இறைச்சி கருகும் மணம் வந்தது. அவனைத் தொட்டால் நானும் ஒட்டிவிடுவேன். ஓடிப்போய்ச் சப்பாத்துக் காலால் ஏணியை உதைத்தேன். ஏணி ஒரு பக்கம் போனது. அவன் பத்து அடி உயரத்திலிருந்து தோள் அடிபட நிலத்தில் விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

றோட்டில் நின்றவர்கள் ஏணியை நான் உதைத்ததைத்தான் கண்டார்கள். காலையில் அறைந்தவன் இப்போது ஆளைக் கொல்லப் பார்க்கிறான் என்று நினைக்க வேறென்ன வேண்டும்? முதல் அடி என் காதடியில் விழுந்தது. ஒரு துடுப்பால் முதுகில் போட்டார்கள். நான் விழுந்ததும் என்னைச் சுற்றி நின்று மிதித்தார்கள். என் முகத்தைச் சிப்பித் தூளுக்குள் வைத்து ஒருவன் தேய்த்தான். ஒரு பல் நாக்கில் கழன்று வந்தது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். பயத்தில் காற்சட்டை நனைந்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது நடந்தது.

அப்போதுதான் அவன் குரல் கேட்டது. முறிந்த தோளோடு, கருகிய கையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"அவரை அடியாதேங்கோ! பிழை என்ர. தொடாத எண்டுதான் அவர் சொன்னவர், நான்தான் கேளாமல் தொட்டனான். அவர் உதைச்சு என்னைக் காப்பாத்தினவர்!"

அடி நின்றது. என்னைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்கள். அவன் சொன்ன பொய்யை நான் திருத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் எடுத்தார்கள். என் மனைவி வாட்டுக்குள் வந்ததும், "அண்ணா, சொன்னதைக் கேட்டால் என்ன? உங்கட கண் எங்க இருந்தது?" என்று அழுதுகொண்டே ஏசினாள். அவள் வெளியே போன பிறகு, நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொன்னா அவள் உன்னோட இருக்கமாட்டாள். விடு மச்சான். விரல் திரும்பி முளைக்கப்போகுதே?" என்றான்.

விட்டுவிட்டேன். அவனுக்காக விட்டேன் என்று அந்த நாட்களில் என்னை நானே ஏமாற்றினேன். பயத்தில்தான் விட்டேன். என் மனைவி கரைக்குப் போய், தமையனைக் காப்பாற்றிய மனுசனை அடித்தீர்களே என்று தன் சொந்தச் சனத்தோடு வாய்ச்சண்டை பிடித்துவிட்டு வந்தாள். அடித்தவர்களில் இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டு ஒரு பெரிய அறுக்குளா மீனோடு வீட்டுக்கு வந்தார்கள். நான் அந்த மீனையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மச்சானுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. குறடு பிடிக்க ஏலாது, வலை பொத்தும் ஊசியும் பிடிக்க ஏலாது. ஆனால் கண்ணும் மூளையும் நல்லாக இருந்தன. ஒரு பந்தலைப் பார்வையிட அது போதும். எட்டு மாதம் கழித்துச் சங்கத் தலைவர் எனக்குப் போன் எடுத்தார்.

"உங்கட மச்சான் பந்தலைப் பாக்குற வேலைக்குக் கேட்டு வந்தவர். பாவமாத்தான் கிடக்கு. ஆனா சொல்லுக் கேளாத, கவனமில்லாத ஆள் எண்டு எங்கட சனம் பயப்பிடுது. நீங்கள் சொன்னா நான் எடுப்பன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று போனை வைத்தேன். அவன் கேட்டதையும் நான் கத்தியதையும் சொல்லாமல் எப்படி அவனைக் கவனமான ஆள் என்று சொல்வது என்றுதான் யோசித்தேன். அவனை அடித்ததை விட, ஏணியை உதைத்ததை விட, அந்தப் பதிலுக்காகத்தான் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்த ஞாயிறு அவன் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். கரண்டி நழுவி, சொதி அவன் உடுத்திருந்த சாரத்திலும் இருந்த கதிரையிலும் ஊற்றுப்பட்டது.

என் மனைவி துடைக்கக் குசினித் துணியோடு வந்தாள். "ஒரு கரண்டி பிடிக்கவும் கவனமில்லை. உங்களை நம்பி அந்த வேலையை எப்பிடி அண்ணா தருவினம்?"

அவன் சிரித்துக்கொண்டு கரண்டியை எடுக்கக் குனிந்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"அவனை ஏசாத" என்றேன். "அவன் கவனமாத்தான் இருந்தவன். இது செத்திருக்குமோ எண்டு கேட்டவன். நான்தான் வெட்டச் சொன்னனான்."

"விடு மச்சான்" என்றான் அவன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "கேட்டவரோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். சரியாக அதே சொற்களில் சொல்லச் சொன்னாள். எங்கள் பிள்ளைகளும் மேசையில் இருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு வெட்டடா என்று நான் திரும்பவும் சொன்னேன். அவள் அலுமாரியின் மேல் கிடந்த என் போனை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தலைவரோட கதையுங்கோ. எனக்கு முன்னால."

கதைத்தேன். ஒன்றும் ஒளிக்கவில்லை.

"அப்ப அண்டைக்கு எங்கட பெடியள் அடிச்சது சரிதான்" என்றார் தலைவர்.

"ஓம்."

"மச்சானை நாளைக்கு வரச் சொல்லுங்கோ."

போனை வைத்தேன். மச்சான் தட்டைப் பார்த்தபடி இருந்தான். அவள் என்னை அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துணியை மேசையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் சொன்னாள்.

"எட்டு மாசம் நான் அண்ணாவை ஏசினனான். நீங்கள் பக்கத்தில இருந்து சாப்பிட்டனீங்கள்."