வேப்பூருக்குப் போன பூனை

“...பின்ன, அது நெஞ்சு மேல ஏறிப் படுத்துக்கினா இருமல் வராம வேற என்னாடா வரும்? முடி பூராவும் உள்ளார போயி அடைச்சிக்கினு இருக்குது. இன்னிக்கு அதுவா நானான்னு பாத்துடுறேன்” என்று வாசலில் நின்று அத்தை கத்திக்கொண்டிருந்தாள். அப்பா பாயில் மல்லாந்து படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சின்மேல் படுத்துப் பூனையும் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அம்மா காய்ச்சலில் போன பிறகு, எனக்குத் தலை பின்னவும் அப்பாவுக்குச் சோறு பொங்கவும் திட்டக்குடியிலிருந்து வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். பூனை அம்மா சோறு வைத்து வளர்த்தது. அடுப்புக்கரி மாதிரி ஒரே கறுப்பு.

அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் கல் அரைக்கும் மில்லில் ராத்திரி ஷிப்டு. விடிந்து வீடு வரும்போது புருவம்வரை வெள்ளையாக, மாவில் புரட்டியெடுத்த பலகாரம் போல இருப்பார். அவர் குளித்துவிட்டு வரும்வரை பூனை அவர் கழற்றிப்போட்ட சட்டையின்மேல் காத்திருக்கும். அம்மா போனதிலிருந்து அவருக்குத் தூக்கம் கிடையாது. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். பூனை வந்து நெஞ்சில் ஏறி, இரண்டு மிதி மிதித்து, சுருண்டுகொண்டு கர்கர் என்று ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் அதே சுதியில் குறட்டை விடுவார்.

அத்தை அதை முதலில் சாக்கில் கட்டி மணிமுத்தாற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்தாள். ஆற்றைத் தாண்டிவிட்டால் பூனைக்கு வழி தெரியாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே அது ஆறென்று பூனைக்குத் தெரியும்? மணலில் நடந்து சாயந்திரமே திரும்பிவிட்டது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, வெகுநேரம் நிற்கவில்லை. அத்தை மறுபடியும் பூனையை அடைக்கக் கூடையை எடுத்துவிட்டாள்.

இந்த முறை வேப்பூர். “அங்க ரோட்டோரம் பூரா பிரியாணிக் கடைடி. எலும்பத் தின்னுட்டு ராசாவாட்டம் இருக்கும், அழுவாத” என்று என்னைத் தேற்றினாள். அப்பா தடுக்கவில்லை. “இருமல் நின்னா சரிதான்க்கா” என்றார்.

பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பியவள், முதல் வேலையாக அப்பாவின் போர்வையை வெயிலில் போட்டுக் குச்சியால் அடித்தாள். “பாத்தியா, எம்மாம் முடி!” பறந்ததெல்லாம் வெள்ளை. பூனை கறுப்பாயிற்றே என்று நான் நினைத்தேன். அத்தையின் கை நின்றது. போர்வையில் படிந்திருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு முன்னைவிட வேகமாக அடித்தாள்.

இருமல் நிற்கவில்லை. தூக்கம்தான் நின்றது. பகலெல்லாம் அப்பா நெஞ்சின்மேல் கையை வைத்தபடி விழித்துக் கிடந்தார். கண் சிவந்து மில்லுக்குப் போனால், குடித்துவிட்டு வருகிறாயா என்று மேஸ்திரி கேட்டாராம்.

“அந்த மில்லு வேலய வுட்டுடேன்டா” என்று ஒருநாள் அத்தை மெதுவாகச் சொன்னாள்.

“வுட்டுட்டு?” என்றார் அப்பா.

அத்தை முறத்தை எடுத்து, புடைத்து வைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள்.

மறுநாள் காலையிலேயே கூடையோடு என்னையும் இழுத்துக்கொண்டு வேப்பூருக்குப் போனாள். கடைகடையாக ஏறி இறங்கினாள். “ஏம்மா, ஆட்டத் தொலச்சவங்க தேடி வந்து பாத்திருக்கேன். நீ பூனையத் தேடிக்கினு வந்திருக்க” என்று பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, வரிசையாகப் போய்க்கொண்டிருந்த லாரிகளைக் காட்டினார். “இந்த ரோட்டுல...” என்று தொடங்கியவர் மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் திரும்பியபோது அப்பா விழித்துத்தான் கிடந்தார். கூடை காலியாக இருந்ததைப் பார்த்தார். அத்தை கால்கூடக் கழுவாமல் பாயோரம் உட்கார்ந்து, தன் கையை அவர் நெஞ்சின்மேல், பூனை படுக்கும் இடத்தில் வைத்தாள். காய்ச்சல் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கைக்கு அடியில் நெஞ்சை அடைத்திருந்தது பூனை முடி இல்லை என்று எங்கள் வீட்டில் அப்போது தெரியாதது எனக்கு மட்டும்தான். அப்பாவின் கண்கள் மெல்ல மூடின. ஷிப்டுக்கு நேரமாகும்வரை அத்தை கையை எடுக்கவே இல்லை.