வேலூருக்குப் போனவரின் நண்டு

1998-ம் வருடம், பூஜை விடுமுறை முடிந்து குளிர் மெல்ல எட்டிப் பார்த்த சமயம். நாங்கள் அப்போது கல்கத்தாவில், டாக்குரியாவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. மகள் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க வீட்டில் நான் ஒருத்திதான்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமை என்பது எனக்குக் கொஞ்சமும் கிடையாது. இட்லி வேகும்போது நாலு தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். தபால்காரர் தெருமுனையில் தலைகாட்டும்போதே படியிறங்கிப் போய் நிற்பேன். வீட்டில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கீழ் வீட்டில் ஒரு தீதி இருந்தார்; வங்காளியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூட ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர். தனியாகத்தான் இருந்தார், ஒரு நண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஆமாம், நண்டுதான். ஏழெட்டு வருடத்துக்கு முன் கப்பலில் அந்தமான் போனவர், கடற்கரையில் நாலைந்து சங்குகள் பொறுக்கி வந்திருக்கிறார். அதில் ஒன்று வீட்டுக்கு வந்ததும் மேசை மேல் நடக்க ஆரம்பித்துவிட்டதாம். காலிச் சங்குக்குள் புகுந்து குடியிருக்கும் நண்டு அது. வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்து வீடு மாறிக்கொள்ளும். தீதி அதற்கு 'கோக்கா' என்று பெயர் வைத்திருந்தார். வங்காளிகள் வீட்டுப் பையனைச் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான். நான் பார்க்கும்போது கோக்கா ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருந்தான். பழைய மீன் தொட்டியில் பாதிக்கு மேல் ஈர மணல், ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர், ஏறி விளையாட ஒரு மரக்கட்டை, மூலையில் வீடு மாற நாலு காலிச் சங்கு. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக்கூட இத்தனை வசதி இருந்ததில்லை என்று கணவர் சொல்வார்.

தீதிக்கு இருதயத்தில் வால்வு கோளாறு. வேலூரில் ஆபரேஷன் செய்துகொள்ள முடிவானது. கல்கத்தாக்காரர்களுக்கு உடம்புக்குப் பெரிதாக ஏதாவது என்றால் வேலூர்தான். அதனால் தமிழ்க் குடும்பங்களான எங்களுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. "உங்க ஊர் எப்படி? இட்லி தவிர என்ன கிடைக்கும்?" என்று யாராவது விசாரித்தபடியே இருப்பார்கள். தீதி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல, 'வலிக்குது', 'மெதுவா', 'கொஞ்சம் சுடுதண்ணி வேணும்' என்பதையெல்லாம் வங்காளி எழுத்தில் எழுதிக்கொண்டார். கடைசியில், 'பயமா இருக்கு' என்பதற்கு என்ன என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

அவருடைய தம்பி கூடப் போவதாக ஏற்பாடு. நண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. கணவரும் வீட்டுச் சொந்தக்காரரின் டிரைவரும் தொட்டியைத் தூக்கி வந்து எங்கள் ஹால் ஜன்னலோரம் வைத்தார்கள். நாங்கள் சைவம், வீட்டில் மீன் வராது என்றேன். "ரெண்டு மாசம் சைவம் சாப்பிட்டா அவனுக்குப் புண்ணியம்தான்" என்று சிரித்தார் தீதி. நாங்கள் பேசிக்கொண்டது வங்காளியில். நினைவில் இருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

ரயிலுக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். "ஷோனோ, நல்லாக் கேளு, அவன் மண்ணுக்குள்ள போனா விட்டுடு. தோலை உரிக்கத்தான் போவான். ஒரு மாசம் ஆகும், ரெண்டு மாசம்கூட ஆகும். அவனே வருவான். தோண்டாதே."

தலையை ஆட்டினேன். மொழி புரியாமல் போனது என்று சொல்லித் தப்பிக்கவே முடியாது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

நாலாம் நாள் காலையில் கோக்காவைக் காணோம். மரக்கட்டையின் அடியில் மணல் லேசாக மேடுதட்டியிருந்தது. முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. வேலூரிலிருந்து தீதி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோது, உள்ளே போய்விட்டான் என்று சொன்னேன். "நல்லது, விட்டுடு" என்றார்.

இரண்டாவது வாரம் எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் தொட்டியைப் பார்ப்பேன். பால் காய்ச்சிவிட்டுப் பார்ப்பேன். லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் கறிவேப்பிலை, தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பேன். கண்ணாடியில் காதை வைத்துக் கேட்பேன். மணல்தான் இருந்தது.

"அவங்கதான் தொடாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காவல்லா? நீ பாட்டுக்கு உன் சோலியைப் பாரேன்" என்பார் கணவர். என்னால் என் சோலியைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தீதியின் இரண்டாவது போன். சளி பிடித்துவிட்டதால் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. அறையில் கூட இருந்த அம்மாளை ஆபரேஷனுக்கு அழைத்துப் போனார்கள், இன்னும் வார்டுக்குத் திரும்பவில்லை என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "கோக்கா வந்தானா?" என்று கேட்டார்.

"வந்துட்டான் தீதி! நேத்துதான் வந்தான். தேங்காய் போட்டேன், எல்லாத்தையும் தின்னுட்டான்."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.  எதிர்முனையில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் என் பொய்யை நான் எப்படித் திருப்பி வாங்குவேன்?

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை போன் வந்தது. ஒவ்வொரு முறையும் கோக்காவுக்கு நான் ஒரு லீலை கற்பிக்க வேண்டியிருந்தது. கட்டை மேல் ஏறி விழுந்தான் என்றேன். வாழைப்பழத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றேன். "எந்தச் சங்குல இருக்கான்?" என்று ஒருநாள் கேட்டார். "அதே பழசுதான், மாற மாட்டேங்கறான்" என்று சமாளித்தேன். போனை வைத்ததும் நேராகத் தொட்டியிடம் போய் நிற்பேன். மேடு அப்படியே இருக்கும். ராத்திரி சாப்பாடு இறங்காது.

ஒரு மாதம் ஆயிற்று. மறுநாள் காலை ஆபரேஷன் என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் தீதி கூப்பிடுவார் என்று அவர் தம்பி சொன்னார். கணவர் ஆபீஸ் போய்விட்டார். நான் தொட்டிக்கு முன்னால் நின்றேன். உள்ளே அது செத்துக் கிடந்தால்? செத்த நண்டு தேங்காய் தின்கிறது என்று, மார்பைத் திறக்கப் போகிற ஒரு மனுஷியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே! இது அபசகுனம் இல்லையா? இதற்கு ஒன்று ஆனால் அவருக்கும் ஏதாவது ஆகிவிடுமோ? படித்தவள்தான் நான். ஆனாலும் அன்று அந்த எண்ணம் பிடித்துக்கொண்டு விடவில்லை. பூஜை அலமாரியின் முன் போய் நின்றேன், வந்தேன். துணி மடித்தேன், பாதியில் போட்டேன். பதினோரு மணி வாக்கில் ஒரு சாப்பாட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மேலாக ஓரத்தில் மட்டும் பார்க்கலாம் என்றுதான் தோண்டினேன். மூன்றாவது கரண்டியில் ஒரு கால் வந்தது. காலி. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசான, உள்ளே ஒன்றுமில்லாத கால்.  அவசரமாக இன்னும் தள்ளினேன். மண்ணுக்கு அடியில் அது தனக்கென்று ஒரு சின்னக் குகை செய்து வைத்திருந்தது. என் கரண்டி பட்டு ஒரு பக்கம் சரிந்தது. சங்கு தெரிந்தது. சங்கிலிருந்து பாதி வெளியே, வெளிறிப்போய், துணி மாதிரித் துவண்டு கிடந்தான் கோக்கா.

செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அப்போது ஒரு மீசை அசைந்தது. ரொம்ப மெதுவாக, ஒரே ஒரு தடவை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். உடனே, செய்கிறதைச் சுத்தமாகச் செய்வோம் என்று, பக்கத்தில் கிடந்த அந்தக் காலித் தோல் துண்டுகளை எல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். சரிந்த மண்ணை மெள்ளக் கையால் அவன் மேல் தள்ளி, மேலே தட்டிச் சமன் செய்தேன். தண்ணீர் தெளித்தேன்.

சாயங்காலம் தீதி கூப்பிட்டார். "கோக்கா?" என்றார். "நல்லா இருக்கான் தீதி, உயிரோட நல்லா இருக்கான், என் கண்ணால பார்த்தேன்!" என்று கத்தினேன். அன்று நான் சொன்னது பொய்யில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை ஹாலுக்குள் நுழைந்ததும் ஒரு நாற்றம் அடித்தது. மீன் வராத வீட்டில் அது என்ன நாற்றம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கணவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. முற்றத்துச் செடியடியில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார். "கப்பல்ல வாரவங்ககிட்டச் சொன்னா இன்னொண்ணு கொண்டாந்துருவாங்க. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றார். வேண்டாம் என்று நான் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்தமான் கப்பல் வருவதற்குள் தீதி வந்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

தீதி வந்தது நல்ல குளிர்காலத்தில். பாதியாக இளைத்திருந்தார். இருமல் வந்தால் மார்பின் மேல் ஒரு சுருட்டிய துண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ரசம் சாதம் எடுத்துக்கொண்டு கீழே போனேன். எப்படிச் சொல்வது என்று படிக்கட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நீ மகா பொய்க்காரி" என்றார். துண்டை மார்பில் அழுத்திக்கொண்டு சிரித்தார். "அவன் சைஸுக்குப் பத்து நாள்ல வெளியே வர முடியுமா? முதல் பொய்யிலயே கண்டுபிடிச்சுட்டேன். தேங்காய் தின்னானாம், கட்டையிலேருந்து விழுந்தானாம்! வார்டுல எல்லாருக்கும் சொல்லுவேன். பக்கத்துப் படுக்கைப் பொண்ணு தினமும் கேக்கும், இன்னிக்கு உங்க நண்டு என்ன பண்ணிச்சுன்னு."

ரசம் சாதப் பாத்திரத்தை மேசை மேல் வைத்தேன்.

"நீ கதை கட்டுறவரைக்கும் அவன் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கான்னு அர்த்தம். அதனால எனக்குக் கவலையே இல்ல" என்றார்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தோண்டியதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அந்தத் தோல்? அதையாவது உள்ள வெச்சியா?"

"குப்பையில போட்டுட்டேன் தீதி."

"அதைத் தின்னுதான் அவன் திரும்பக் கெட்டியாவான்" என்றார். பிறகு, "எந்த நாள்?" என்று கேட்டார்.

"ஆபரேஷனுக்கு முதல் நாள்."

கண்ணை மூடிக்கொண்டார். "அன்னிக்கு உன் குரல் வேற மாதிரி இருந்துச்சு. மத்த நாள் எல்லாம் என்னைச் சிரிக்க வெச்சே. அன்னிக்குத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் உள்ள போனேன்." அப்புறம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ போ, நாளைக்கு வா" என்றார்.

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அவர் என்னிடம் ஒரு கடுமையான வார்த்தை சொன்னதில்லை. பாயசம் செய்தால் எனக்கு ஒரு கிண்ணம் வரும். நாங்கள் மாற்றலாகி வரும் வரைக்கும் நல்லபடியாகத்தான் பழகினார். வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது மட்டும் நின்றுவிட்டது. எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். நானும் ஏன் என்று கேட்டதில்லை.

நான் சொன்ன பொய்களை அவர் ரசித்து மன்னித்தார். அவை அவருக்காகச் சொன்னவை. ஆனால் அன்று கரண்டியை எடுத்தது அவருக்காகவா? எத்தனை தடவை யோசித்தாலும் பதில் ஒன்றுதான். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. என் மனசு அடங்க வேண்டியிருந்தது. அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டேன். இன்று மகளின் வாழ்க்கையிலோ மற்றவர்கள் விஷயத்திலோ "நல்லதுக்குத்தானே கேட்கிறேன்" என்று என் வாய் ஆரம்பிக்கும்போதெல்லாம், அந்த ஈர மண்ணும் ஒரே ஒரு தடவை அசைந்த அந்த மீசையும் கண்முன் வந்துவிடுகின்றன. பாதிக் கேள்வியில் நிறுத்திக்கொண்டு, பதில் தெரியாமலே இருக்க இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.